மறையாக்க மின்னஞ்சலில் மென்பொருள் விட்டுச்செல்லும் தடயங்களைக் குறைத்தல்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஓபன்பிஜிபி என்பது பெறுநர் மட்டுமே திறந்து படிக்கும்படி மடலை மறையாக்கம் செய்யும் ஒரு பொதுத் தர முறை. அந்த முறையில் மறையாக்கம் செய்து அனுப்பும் மின்னஞ்சலில் மடலின் உள்ளடக்கம் மட்டுமே மறைகிறது. யார் யாருக்கு அனுப்பினார், எப்போது அனுப்பினார் என்பவற்றோடு, எந்த மென்பொருளைக் கொண்டு, எந்த இயங்குதளத்திலிருந்து, எந்த நேர வலயத்தில் இருந்தபடி அனுப்பினார் என்பது வரை பல செய்திகள் மறையாக்கத்துக்கு வெளியே எவரும் படிக்கக்கூடிய எழுத்தில் நிற்கின்றன. மறையாக்கத்தைப் புதிதாகப் பழகுபவர்களில் பலர் பூட்டுக் குறியைப் பார்த்தவுடன் வேலை முடிந்தது என்று எண்ணிவிடுகிறார்கள். உண்மையில், மென்பொருள் தானாகச் சேர்க்கும் இந்த வரிகளைக் கண்டறிந்து குறைப்பது தனியாகச் செய்ய வேண்டிய ஒரு வேலை.

இந்தத் தடயங்களால் இரண்டு வகைத் தீங்கு உண்டு. ஒருவர் பயன்படுத்தும் மென்பொருளின் துல்லியமான பதிப்பு எண் தெரிந்தால், அந்தப் பதிப்பில் உள்ள பாதுகாப்புக் குறை எது என்று பார்த்து அதற்கேற்ற தாக்குதலைத் தயாரிக்க முடியும் என்பது முதலாவது. இரண்டாவது இதைவிட நுட்பமானது. ஒரே நபர் இரண்டு வேறு முகவரிகளிலிருந்து எழுதும்போது, இரண்டு மடல்களிலும் அதே அரிய இயங்குதளம், அதே பழைய பதிப்பு, அதே மொழிக் குறியீடு, அதே நேர வலயம் ஆகியவை சேர்ந்து தோன்றினால், பெயர் தெரியாமலே இருவரும் ஒருவர்தான் என்று ஊகித்துவிடலாம். தனித்தனியே பார்த்தால் எந்த வரியும் ஒருவரைக் காட்டிக்கொடுப்பதில்லை. நான்கைந்து வரிகள் ஒன்றுசேரும்போதுதான் காட்டிக்கொடுக்கின்றன. செய்தியாளர்களுக்குத் தகவல் தருபவர்கள், தொழிற்சங்க வேலையில் இருப்பவர்கள், கட்சிக்காரர்களோடு மடல் வழி பேசும் வழக்கறிஞர்கள் ஆகியோர் இதை அறிந்திருப்பது நல்லது.

இந்தக் கட்டுரை தண்டர்பேர்ட் மின்னஞ்சல் மென்பொருளையும், கட்டளை வரியில் இயங்கும் க்னூபிஜி என்ற மறையாக்க மென்பொருளையும் அடிப்படையாகக் கொண்டது. வேறு மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கும் பார்க்க வேண்டிய இடங்கள் இவையேதான். அமைப்புகளின் பெயர்கள் மட்டும் மாறும். ஒன்றைத் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்திவிட வேண்டும். இங்கே சொல்லப்படுவது மென்பொருள் தடயங்களைக் குறைப்பதைப் பற்றியது. அனுப்புநர், பெறுநர் முகவரிகளை மறைப்பதைப் பற்றியது அன்று. அவ்விரண்டும் தெரியாமல் மின்னஞ்சல் சேவையகம் மடலைக் கொண்டுசேர்க்கவே முடியாது.

முதலில் உங்கள் மடலை நீங்களே பாருங்கள்

எந்த அமைப்பையும் மாற்றும் முன், இப்போது உங்கள் மடல் எதையெல்லாம் வெளியிடுகிறது என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்களுக்கே சொந்தமான இன்னொரு முகவரிக்கு, வேறொரு நிறுவனத்தின் சேவையில் உள்ளதாக இருந்தால் மேலும் நல்லது, மறையாக்கம் செய்த ஒரு மடலை அனுப்புங்கள். அதைப் பெற்ற பின் தண்டர்பேர்டில் திறந்து, வியூ பட்டியில் உள்ள மெசேஜ் சோர்ஸ் என்பதைச் சொடுக்கினால், அல்லது கண்ட்ரோல் விசையோடு யூ விசையை அழுத்தினால், மடலின் மூல வடிவம் தனிச் சாளரத்தில் திறக்கும். அனுப்பிய பெட்டியில் உள்ள நகலைப் பார்ப்பது போதாது. வழியில் உள்ள சேவையகங்கள் சேர்க்கும் வரிகள் பெற்ற மடலில்தான் இருக்கும்.

புதியவர்களுக்கு இந்தச் சாளரம் மிரட்சியைத் தரும். மேலிருந்து கீழாகப் படிக்க முயலாமல், சில வரிகளை மட்டும் தேடுங்கள். ரிசீவ்ட் என்று தொடங்கும் வரிகள் பல இருக்கும். ஒவ்வொரு சேவையகமும் தன் வரியை மேலே சேர்த்துக்கொண்டே போவதால், அவற்றுள் ஆகக் கீழே இருப்பதே உங்கள் கணினிக்கு மிக நெருக்கமானது. அடுத்து டேட், மெசேஜ் ஐடி, யூசர் ஏஜென்ட் அல்லது எக்ஸ் மெயிலர், கான்டென்ட் லாங்குவேஜ், ஆட்டோகிரிப்ட், சப்ஜெக்ட் ஆகிய வரிகளைப் பாருங்கள். பிறகு பிகின் பிஜிபி மெசேஜ் என்ற கோட்டு வரியையும், அதற்கு அடுத்து வரும் ஓரிரு வரிகளையும் பாருங்கள். இவற்றை ஒரு கோப்பில் நகலெடுத்து வைத்துக்கொண்டால், மாற்றங்களைச் செய்த பின் ஒப்பிட வசதியாக இருக்கும்.

இந்த இடத்தில் பலரும் குழம்பும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மறையாக்கம் செய்த மடலில் அப்ளிகேஷன், பிஜிபி என்கிரிப்டட் என்ற வகைக்குக் கீழே, வெர்ஷன் என்ற சொல்லும் அதன் பின் 1 என்ற எண்ணும் தனி வரியாக நிற்கும். இது மென்பொருளின் பதிப்பு எண் அன்று. 2001இல் வெளியான ஆர்எஃப்சி 3156 என்ற தர ஆவணம் இந்த வகை மடல் அனைத்திலும் இவ்வரி இருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. இது எல்லோருடைய மடலிலும் ஒன்றாகவே இருப்பதால் எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. இதை நீக்கினால்தான் சிக்கல் வரும்.

தலைப்பகுதி வரிகள்

தண்டர்பேர்டில் பெரும்பாலான மாற்றங்களைக் கன்ஃபிக் எடிட்டர் என்ற இடத்தில்தான் செய்ய வேண்டும். செட்டிங்ஸ் பக்கத்தில் ஜெனரல் பகுதியின் ஆக அடியில் அதற்கான பொத்தான் இருக்கிறது. அங்கே மேலே உள்ள பெட்டியில் ஆங்கிலத்தில் ஒரு சொல்லைத் தட்டினால், அந்தச் சொல்லைக் கொண்ட அமைப்புகள் அனைத்தும் வரிசையாக வரும். தெரியாத எதையும் தொடாமல், கீழே சொல்லப்படுபவற்றை மட்டும் மாற்றுங்கள்.

யூசர் ஏஜென்ட் வரியிலிருந்து தொடங்கலாம். பழைய தண்டர்பேர்ட் பதிப்புகள் இந்த வரியில் மென்பொருளின் பெயர், பதிப்பு எண், இயங்குதளம், செயலியின் வகை ஆகியவற்றை அடுக்கி அனுப்பின. லினக்ஸில் இயங்கும் கணினி என்றால் அதுவும் அப்படியே தெரிந்தது. அண்மைப் பதிப்புகளில் மொஸில்லா தண்டர்பேர்ட் என்ற பெயர் மட்டுமே செல்கிறது. இதையும் நிறுத்த விரும்பினால், கன்ஃபிக் எடிட்டரில் சென்ட், யூசர், ஏஜென்ட் ஆகிய மூன்று ஆங்கிலச் சொற்களையும் இடைவெளி இன்றிச் சேர்த்துத் தட்டி, வரும் அமைப்பை ஃபால்ஸ் என்று மாற்றலாம். ஆனால் நிறுத்தத்தான் வேண்டுமா என்று ஒரு கணம் யோசியுங்கள். பெயரை மட்டும் சொல்லும் வரி பல இலட்சம் பேரின் மடல்களில் இருக்கிறது. வரியே இல்லாத தண்டர்பேர்ட் மடலோ ஒப்பீட்டளவில் அரியது. மடலின் மற்ற அமைப்புகளைப் பார்த்து அது தண்டர்பேர்டிலிருந்து வந்தது என்பதை எப்படியும் சொல்லிவிட முடியும் என்பதால், வரியை நீக்கியவர் "தன்னை மறைக்க முயன்றவர்" என்ற ஒரு புதிய அடையாளத்தைச் சேர்த்துக்கொள்கிறார். என் கருத்தில், அண்மைப் பதிப்பை வைத்திருப்பவர் இதை அப்படியே விட்டுவிடலாம். வேறு மென்பொருளின் பெயரைப் பொய்யாக இடுவது எல்லாவற்றிலும் மோசமான வழி. அதற்கான காரணம் பின்னால் வருகிறது.

டேட் வரி இதைவிடப் பெரிய தடயம். அனுப்பிய நேரத்தோடு கணினியின் நேர வலயமும் அதில் செல்லும். கூட்டல் 0530 என்று இருந்தால் அனுப்பியவரின் கணினி இந்தியாவுக்கோ இலங்கைக்கோ உரிய நேரத்தில் ஓடுகிறது என்று பொருள். வெளிநாட்டில் இருப்பதாகச் சொல்லி எழுதுபவரின் கதை இந்த நான்கு இலக்கத்தில் உடைந்துவிடும். அதோடு, நொடி வரை துல்லியமாகச் செல்லும் நேரம், கணினியின் கடிகாரம் எத்தனை நொடி முன்னோ பின்னோ ஓடுகிறது என்பதையும் சேவையகத்தின் நேரத்தோடு ஒப்பிட்டு அறிய உதவும். கன்ஃபிக் எடிட்டரில் சானிடைஸ் என்ற சொல்லைத் தேடினால், டேட் ஹெடர் என்று முடியும் ஓர் அமைப்பு கிடைக்கும். அதை ட்ரூ என்று மாற்றினால், நேரம் உலகப் பொது நேரத்தில், நொடிகள் நீக்கப்பட்டு முழு நிமிடமாகச் செல்லும். நான் முதலில் மாற்றச் சொல்வது இந்த ஒன்றைத்தான்.

அடுத்தது பலருக்கும் தெரியாத ஒன்று. மின்னஞ்சல் மென்பொருள் சேவையகத்தோடு இணையும்போது முதலில் ஒரு வணக்கச் சொல்லைச் சொல்லி, கூடவே தன்னை இன்ன கணினி என்று அறிமுகப்படுத்திக்கொள்ளும். தண்டர்பேர்ட் அந்த இடத்தில் கணினியின் உள்வலைப்பின்னல் எண்ணைச் சொல்கிறது. வீட்டில் என்றால் அது 192.168 என்று தொடங்கும் எண்ணாக இருக்கும். அலுவலகத்தில் என்றால் அந்த அலுவலகத்துக்கே உரிய அமைப்பில் இருக்கலாம். வேறு சில மென்பொருள்கள் கணினிக்கு உரிமையாளர் வைத்த பெயரையே சொல்லிவிடும். அப்பெயரில் பல நேரம் உரிமையாளரின் பெயரே இருக்கும். சேவையகங்கள் பல இந்த அறிமுகத்தை அப்படியே ரிசீவ்ட் வரியில் எழுதி வைக்கின்றன. இதைத் தடுக்க, மெயில், எஸ்எம்டிபி சர்வர், டிஃபால்ட் என்ற மூன்று பகுதிகளுக்கிடையே புள்ளி இட்டு, இறுதியில் இன்னொரு புள்ளியும், அடிக்கோட்டால் இணைத்த ஹலோ ஆர்கியுமெண்ட் என்ற சொற்களும் வருமாறு ஓர் அமைப்பின் பெயரைத் தட்டுங்கள். எஸ்எம்டிபி சர்வர் என்பதை இடைவெளி இன்றி, சிறிய எழுத்துகளில் எழுத வேண்டும். பட்டியலில் இல்லையென்றால் ஸ்டிரிங் வகையைத் தேர்ந்து புதிதாக உருவாக்கி, மதிப்பாக [127.0.0.1] என்று சதுர அடைப்புக்குறிகளோடு இடுங்கள். சில சேவையகங்கள் இதை ஏற்க மறுக்கலாம். அப்போது மடல் போகாது. மறுத்தால் மதிப்பை நீக்கிவிட்டுப் பழைய நிலைக்கே திரும்பலாம்.

இந்த மாற்றத்தால் உங்கள் பொது ஐபி முகவரி மறைந்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. சேவையகம் அதை இணைப்பிலிருந்தே அறிந்துகொள்கிறது. பல நிறுவனங்கள் அதையும் ரிசீவ்ட் வரியில் எழுதுகின்றன. அதை மறைக்க டோர் போன்ற வலைப்பின்னல் தேவை. தண்டர்பேர்டை டோர் வழியே இயக்கவும், மேலே சொன்ன தடயங்களைக் களையவும் 2012இல் டோர்பேர்டி என்ற கூட்டு நிரல் அறிமுகமானது. புதிய தண்டர்பேர்டுகளோடு அது இயங்குவதில்லை என்றாலும், அதன் தேவைக்காகக் கேட்கப்பட்ட அமைப்புகளில் பல இன்று தண்டர்பேர்டுக்குள்ளேயே இருப்பதால்தான் நாம் ஒரு சொல்லைத் தேடி ஒரு மதிப்பை மாற்றுவதோடு வேலையை முடிக்க முடிகிறது.

கான்டென்ட் லாங்குவேஜ் வரி, நீங்கள் எந்த மொழிக்கான எழுத்துப்பிழைத் திருத்தியை வைத்து எழுதினீர்கள் என்பதைச் சொல்கிறது. தமிழ் அகராதியை நிறுவி எழுதுபவரின் மடலில் தமிழுக்கான குறியீடு திறந்த எழுத்தில் நிற்கும். உள்ளே எழுதியது ஒரு சொல்கூடத் தெரியாத போதும், எழுதப்பட்ட மொழி தெரிந்துவிடுகிறது. கன்ஃபிக் எடிட்டரில் சப்ரெஸ் என்ற சொல்லைத் தேடி, கான்டென்ட் லாங்குவேஜ் என்று முடியும் அமைப்பை ட்ரூ ஆக்கினால் இந்த வரி செல்லாது.

பொருள் வரியை மறைக்க, அக்கவுன்ட் செட்டிங்ஸ் பக்கத்தில் உங்கள் கணக்கின் கீழ் எண்ட் டு எண்ட் என்கிரிப்ஷன் பகுதிக்குச் செல்லுங்கள். பொருளையும் மறையாக்கம் செய்வதற்கான தேர்வு அங்கே இருக்கிறது. அது இயங்கும்போது வெளியே மூன்று புள்ளிகள் மட்டும் தெரியும். அதே பகுதியில் ஆட்டோகிரிப்ட்டுக்காக, அதாவது திறவுகோல்களை மடல் வழியே தானாகப் பகிரும் முறைக்காக, பொதுத் திறவுகோலை (பிறர் உங்களுக்கு மறையாக்கம் செய்து எழுதப் பயன்படுத்தும் திறவுகோலை) தலைப்பகுதியில் அனுப்பும் தேர்வும் உண்டு. புதிய தொடர்புகளோடு திறவுகோலைப் பகிர அது வசதியானதுதான். ஆனால் ஒவ்வொரு மடலிலும் உங்கள் பொதுத் திறவுகோல், மறையாக்கம் இல்லாத மடல்களிலும்கூட, சேர்ந்து போகும். அந்தத் திறவுகோலை வைத்திருப்பவரிடம் ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் அதை அணைத்துவிடுங்கள்.

மெசேஜ் ஐடி பற்றி அதிகம் செய்வதற்கு இல்லை. தண்டர்பேர்டின் அண்மைப் பதிப்புகள் தற்செயலான எண்ணெழுத்துகளையும், உங்கள் முகவரியில் உள்ள களப்பெயரையும் சேர்த்து அதை உருவாக்குகின்றன. மட் என்ற பழைய மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். அதன் முந்தைய பதிப்புகள் அந்த வரியில் நேரம், நிரலின் இயக்க எண், கணினியின் பெயர் ஆகிய மூன்றையும் வைத்தன.

மறையாக்க உரையின் தொடக்க வரிகள்

பிகின் பிஜிபி மெசேஜ் என்ற வரிக்கும், புரியாத எழுத்துக் குவியலுக்கும் இடையே வெர்ஷன், கமெண்ட் என்ற இரண்டு வரிகள் வரலாம். ஓபன்பிஜிபி தர ஆவணம் இவற்றை அனுமதிக்கிறது, கட்டாயமாக்கவில்லை. ஒரு காலத்தில் ஏறக்குறைய எல்லா மென்பொருள்களும் இவற்றை விளம்பரப் பலகையாகவே பயன்படுத்தின. தண்டர்பேர்டோடு சேர்த்துப் பயன்படுத்தப்பட்ட எனிக்மெயில் தன் இணைய முகவரியையும், உலாவியில் இயங்கும் மெயில்வெலப் தன் பதிப்பு எண்ணையும், புரோட்டான்மெயில் தன் பெயரையும் அந்த இடத்தில் இட்டன. க்னூபிஜியின் பழைய பதிப்புகளோ பதிப்பு எண்ணோடு இயங்குதளத்தின் பெயரையும் அனுப்பின. மறையாக்கம் செய்த செய்தியின் நெற்றியிலேயே இவ்வளவும் எழுதப்பட்டிருந்தது என்பதை இன்று நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது.

க்னூபிஜியின் அண்மைப் பதிப்புகளில் வெர்ஷன் வரி இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. ஆனாலும், இணையத்தில் பல ஆண்டுகளுக்கு முன் யாரோ வெளியிட்ட அமைப்புக் கோப்பை நகலெடுத்து வைத்திருப்பவர்களிடம் அது மீண்டும் உயிர்பெற்றிருக்கலாம். எமிட் வெர்ஷன் என்ற கட்டளைக்கு ஒரு விநோதமான இயல்பு உண்டு. அதை ஒரு முறை எழுதினால் நிரலின் பெயரும் முதன்மைப் பதிப்பு எண்ணும் செல்லும். இரண்டு முறை எழுதினால் அடுத்த இலக்கமும், மூன்று முறை எழுதினால் அதற்கடுத்த இலக்கமும் சேரும். நான்கு முறை எழுதினால் இயங்குதளமும் சேர்ந்துவிடும். ஆகவே உங்கள் பயனர் கோப்புறையில், புள்ளியோடு தொடங்கும் க்னூபிஜி என்ற மறைந்த கோப்புறைக்குள் இருக்கும் ஜிபிஜி.கான்ஃப் கோப்பைத் திறந்து, இந்தக் கட்டளை எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் நீக்குங்கள். அதன் இடத்தில் நோ எமிட் வெர்ஷன், நோ கமெண்ட்ஸ் என்ற இரண்டையும், சொற்களுக்கிடையே இணைப்புக்கோடு இட்டுத் தனித்தனி வரிகளாக எழுதி வைத்தால், பழைய பதிப்பு உள்ள கணினிக்கு அதே கோப்பைக் கொண்டுபோனாலும் கவலை இல்லை.

2020இல் வெளிவந்த தண்டர்பேர்ட் 78 முதல், க்னூபிஜியோ எனிக்மெயிலோ இல்லாமலே ஆர்என்பி என்ற நிரலகத்தைக் கொண்டு மறையாக்கம் நடக்கிறது. எனவே தண்டர்பேர்டை மட்டும் பயன்படுத்துபவருக்கு ஜிபிஜி.கான்ஃப் கோப்பில் செய்யும் மாற்றங்களால் எந்தப் பயனும் இல்லை. இதை அறியாமல் கோப்பை மாற்றிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. மாற்றம் உண்மையில் நிகழ்ந்ததா என்பதை மடலின் மூல வடிவம்தான் சொல்லும்.

பெறுநரின் திறவுகோல் எண்

எழுத்துக் குவியலாகத் தெரிவது முழுவதும் மறையாக்கம் செய்யப்பட்டது அன்று. அதன் தொடக்கத்தில், எந்தத் திறவுகோலால் இதைத் திறக்க வேண்டும் என்பதைக் காட்ட, ஒவ்வொரு பெறுநருக்கும் ஒரு பொட்டலம், அதாவது பேக்கெட் எனப்படும் தரவுத் துண்டு, இருக்கிறது. அதில் அவருடைய திறவுகோலின் 8 பைட் எண் திறந்த வடிவில் உள்ளது. க்னூபிஜியில் லிஸ்ட் பேக்கெட்ஸ் என்ற கட்டளையை மடலின் மீது இயக்கினால் எவரும் அந்த எண்களைப் படிக்கலாம். பொதுத் திறவுகோல்களைச் சேமித்து எவரும் தேட வைக்கும் திறவுகோல் சேவையகத்தில் அந்த எண்ணைத் தேடினால் பெயரும் முகவரியும் கிடைக்கக்கூடும்.

பிசிசி முறையில் அனுப்புபவர்களுக்கு இது நேரடியான ஆபத்து. மற்றப் பெறுநர்களுக்குத் தெரியக் கூடாது என்று ஒருவரைப் பிசிசியில் சேர்க்கிறீர்கள். அவருடைய திறவுகோல் எண்ணோ எல்லோருக்கும் போகும் மடலின் உள்ளேயே இருக்கிறது. மறையாக்கம் செய்த மடலில் பிசிசியைத் தவிர்த்து, மறைவாக அனுப்ப வேண்டியவருக்குத் தனி மடலாக அனுப்புவதே சரியான வழி.

கட்டளை வரியில் க்னூபிஜியைப் பயன்படுத்தினால், சாதாரண ரெசிபியண்ட் கட்டளைக்குப் பதிலாக ஹிட்டன் ரெசிபியண்ட் கட்டளையைக் கொடுக்கலாம். அதன் சுருக்கம் பெரிய ஆர் எழுத்து. எல்லாப் பெறுநர்களுக்கும் சேர்த்து மறைக்க, த்ரோ கீஐடிஸ் என்ற கட்டளையும் உண்டு. இரண்டிலும் திறவுகோல் எண்ணுக்குப் பதிலாகச் சுழியங்கள் செல்லும். இதற்கு விலை உண்டு. பெறுநரின் மென்பொருள் எந்தத் திறவுகோல் என்று தெரியாமல், தன்னிடம் உள்ள, மடலைத் திறக்கும் அந்தரங்கத் திறவுகோல்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். பல திறவுகோல்கள் வைத்திருப்பவரிடம் மீண்டும் மீண்டும் கடவுச்சொல் கேட்கும். சில மென்பொருள்கள் இத்தகைய மடலைத் திறக்க முடியாமல் நின்றுவிடும். எனவே முக்கியமான செய்தியை இப்படி அனுப்பும் முன், ஒரு வெற்றுச் செய்தியை அனுப்பி எதிர்ப்பக்கத்தில் திறக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முகவரியே பெறுநரின் பெயரைச் சொல்லும் மடலில் இதைச் செய்வதால் பெரிய பயன் இல்லை. பொதுவான ஓர் அஞ்சல் பெட்டிக்கு அனுப்பும்போதும், மறையாக்கக் கோப்பை வேறு வழியில் கொடுக்கும்போதும்தான் இது உதவும்.

எதை மறைக்க முடியாது

மேலே உள்ள அனைத்தையும் செய்து முடித்த பின்னும், நுணுகிப் பார்க்கத் தெரிந்த ஒருவர் உங்கள் மென்பொருளைப் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுவார். புரியாத எழுத்துக் குவியலின் முதல் இரண்டு எழுத்துகளே இதற்குப் போதும். க்னூபிஜி பொட்டலத்தின் தலைப்பைப் பழைய வடிவில் எழுதுவதால், அதன் உரை வழக்கமாகச் சிறிய எச் எழுத்தில் தொடங்கும். ஆர்எஸ்ஏ என்ற வகைத் திறவுகோல் என்றால் அடுத்து பெரிய க்யூ வரும். உலாவிகளில் இயங்கும் ஓபன்பிஜிபி ஜேஎஸ் நிரலகம் புதிய வடிவில் எழுதுவதால், அதன் உரை சிறிய டபிள்யூ எழுத்தில் தொடங்கும். க்னூபிஜி 2.3 முதல், பெறுநரின் திறவுகோல் அனுமதித்தால் 20 என்ற எண் கொண்ட பொட்டல வகை பயன்படுகிறது. 2024இல் வெளியான ஆர்எஃப்சி 9580 வேறொரு வழியைத் தேர்ந்துகொண்டதால், 20ஆம் வகையைப் பார்த்தாலே அனுப்பியது க்னூபிஜியின் குடும்பம் என்று ஊகிக்கலாம்.

மறையாக்கத்துக்கு வெளியே உள்ள மடல் அமைப்பும் இப்படித்தான். மடலின் பகுதிகளைப் பிரிக்கும் எல்லைக் கோட்டை ஒவ்வொரு மென்பொருளும் தனக்கே உரிய பாணியில் அமைக்கிறது. ஆப்பிள் மெயில் அந்த வரியில் தன் பெயரையே எழுதுகிறது. அவுட்லுக்கின் கோட்டில் நெக்ஸ்ட் பார்ட் என்ற சொற்கள் இருக்கும். தண்டர்பேர்டின் மறையாக்க மடலில், இது ஓபன்பிஜிபி முறையில் மறையாக்கம் செய்த மடல் என்று ஆர்எஃப்சி எண்களோடு சொல்லும் ஓர் ஆங்கில வாக்கியமும், என்கிரிப்டட்.ஏஎஸ்சி என்ற கோப்புப் பெயரும் எனிக்மெயில் காலத்திலிருந்தே தொடர்ந்து வருகின்றன. தலைப்பகுதி வரிகளின் வரிசையும்கூட ஒரு கைரேகைதான். யூசர் ஏஜென்ட் வரியில் அவுட்லுக் என்று பொய்யாக எழுதியவரின் மடலில் மற்ற அனைத்தும் தண்டர்பேர்ட் என்று சொல்லும்போது, அந்த முரண்பாடே அவரை ஆயிரக்கணக்கானவர்களிலிருந்து தனியே பிரித்துக் காட்டிவிடும்.

ஆகவே மென்பொருளை மறைப்பதைக் குறிக்கோளாகக் கொள்ளாமல், பெருங்கூட்டத்தில் ஒருவராக இருப்பதைக் கொள்ளுங்கள். பலரும் பயன்படுத்தும் மென்பொருளின் அண்மைப் பதிப்பு, உலகப் பொது நேரம், கணினியின் பெயரோ உள்வலை எண்ணோ இல்லாத அறிமுகம், மொழிக் குறியீடு இல்லாத தலைப்பகுதி ஆகியவை அமைந்தால் அது பெரும்பாலான தேவைகளுக்குப் போதும். அதற்கு மேலும் வேண்டும் என்பவர், மின்னஞ்சலே தன் வேலைக்கு உகந்ததா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். 1991இல் பிஜிபியை வெளியிட்ட ஃபில் சிம்மர்மனும் நிறுவனர்களுள் ஒருவராக இருந்த சைலண்ட் சர்க்கிள் நிறுவனம், 2013 ஆகஸ்டில் தன் சைலண்ட் மெயில் சேவையை மூடியது. வழக்கமான மின்னஞ்சல் நெறிமுறைகளோடு இயங்கும் வரை செய்தியைச் சூழ்ந்த விவரங்கள் கசிவதைத் தடுக்க முடியாது என்பது அந்த முடிவுக்கு அது கூறிய காரணங்களுள் ஒன்று.

பெறுநர் மட்டும் பார்ப்பவை

மறையாக்கத்துக்கு உள்ளே செல்லும் தடயங்களை வழியில் இருப்பவர்கள் பார்க்க முடியாது. பெறுநரும், பின்னாளில் அவரது கணினியைக் கைப்பற்றுபவரும் பார்க்கலாம். க்னூபிஜி ஒரு கோப்பை மறையாக்கம் செய்யும்போது கோப்பின் அசல் பெயரையும் உள்ளே வைக்கிறது. செட் ஃபைல்நேம் கட்டளைக்கு வெற்று மதிப்பைக் கொடுத்தால் பெயர் போகாது. இணைப்பாகச் செல்லும் படத்தில் எடுத்த இடமும் கைபேசியின் வகையும், வேர்ட் ஆவணத்தில் எழுதியவரின் பெயரும், பிடிஎஃப் கோப்பில் அதை உருவாக்கிய மென்பொருளின் பெயரும் இருக்கும். எம்ஏடி2 என்ற இலவச மென்பொருளால் இவற்றை நீக்கிவிட்டு இணையுங்கள்.

பதில் எழுதும்போது மேற்கோளுக்கு மேலே தானாகச் சேரும் "இன்ன தேதியில் இன்னார் எழுதியது" என்ற வரி, உங்கள் மென்பொருளின் மொழியையும் தேதி எழுதும் முறையையும் காட்டும். அதைக் கையால் அழித்துவிடுவது எளிது.

மடலைப் படிக்கும்போதும் தடயம் வெளியேறுகிறது என்பதை மறக்கக் கூடாது. எச்டிஎம்எல் மடலில் உள்ள படத்தை இணையத்திலிருந்து இறக்கினால், அனுப்பியவரின் சேவையகத்துக்கு உங்கள் ஐபி முகவரி போய்ச் சேரும். முன்ஸ்டர், போஹும், லூவன் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2018 மே மாதத்தில் வெளியிட்ட ஈஃபெயில் தாக்குதல் இதைவிட ஒரு படி மேலே சென்று, எச்டிஎம்எல் வழியாக மறையாக்கம் அவிழ்ந்த உரையையே வெளியே அனுப்ப வைக்கலாம் என்று காட்டியது. வியூ பட்டியில் மெசேஜ் பாடி ஆஸ் என்பதன் கீழ் பிளெயின் டெக்ஸ்ட் என்று தேர்ந்துகொள்ளுங்கள். பிரைவசி பகுதியில் ரிமோட் கான்டென்ட் தேர்வு அணைந்திருப்பதையும் உறுதிசெய்யுங்கள். படித்ததற்கான ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வரும் மடல்களுக்கு ஒருபோதும் அனுப்ப வேண்டாம் என்று அமைத்துவிடுங்கள். அந்தச் சீட்டில் மென்பொருளின் பெயரைச் சொல்லத் தனி வரியே இருக்கிறது, சீட்டு மறையாக்கம் இல்லாமல் செல்லவும் கூடும்.

திறவுகோலைப் பற்றி ஒன்று மட்டும். அதை உருவாக்கும்போது பெயருக்கு அடுத்துள்ள கமெண்ட் என்ற இடத்தை வெறுமையாக விடுங்கள். பலர் அங்கே அலுவலகத்தின் பெயரையோ கணினியின் பெயரையோ எழுதிவிடுகிறார்கள். பழைய எஸ்கேஎஸ் வகைத் திறவுகோல் சேவையகங்களில் ஏற்றிய திறவுகோலை நீக்கவே முடியாது. 2019இல் தொடங்கிய கீஸ்.ஓபன்பிஜிபி.ஓஆர்ஜி சேவையகம், முகவரியின் உரிமையாளர் மடல் வழி ஒப்புதல் தந்தால்தான் அந்த முகவரியை வெளியிடும் என்பதால், புதியவர்கள் அதையே பயன்படுத்தலாம்.

மாற்றங்களை ஒரே நேரத்தில் செய்யாமல் ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொன்றுக்கும் பின் அதே இரண்டாவது முகவரிக்கு ஒரு மடல் அனுப்பி, முதலில் சேமித்த கோப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். மடல் போகாமல் நின்றால் எந்த மாற்றத்தால் நின்றது என்பது அப்போதுதான் தெரியும். தண்டர்பேர்ட் பெரிய பதிப்பு ஒன்றுக்கு மேம்படும் போதெல்லாம் இதே சோதனையை மறுபடியும் செய்ய வேண்டும், ஏனெனில் அமைப்புகளின் பெயர்கள் சில நேரம் மாறுகின்றன. பழைய பெயரில் நீங்கள் இட்ட மதிப்பு பட்டியலில் அப்படியே இருக்கும், ஆனால் மென்பொருள் அதைப் பார்ப்பதை நிறுத்தியிருக்கும்.